ஆயாவின் குரலுக்கு ஒரு வாடகை வீடு

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, சொந்தமா ஒரு சைட் போடணும். எந்த ஹோஸ்டிங் வாங்கலாம்? ஒரு பேரு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்தான் ஹோஸ்டிங். மண்ணடி லிங்கி செட்டித் தெருவில், சுங்க கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் எங்களுடையது. இறக்குமதிச் சரக்குக்குப் பில் ஆஃப் என்ட்ரி போடும் அவசரத்துக்கு நடுவே கிடைப்பது அரை மணி நேரச் சாப்பாட்டு வேளை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. பேசப்பேச நீண்டு, கை காய்ந்துபோய், கடைசியில் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தளத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் மற்றது புரியும். மீன்கள் இருக்கின்றன. எங்கள் ஆயா (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) காசிமேட்டில் மீன் எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து விற்றது. கல்மண்டபத்திலிருந்து ஜி.ஏ. ரோடு வரைக்கும் ஆயாவின் குரல் தெரியாத வாசல் கிடையாது. எந்த மீனுக்கு எந்த மாதம் ருசி, எதைப் புளி ஊற்றிச் செய்யணும், எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கணும், எல்லாம் அதன் நாக்கு நுனியில் இருந்தது. இங்கே வஞ்சிரம் என்கிறோம், தெற்கே போனால் அதையே சீலா என்கிறார்கள். நம்ம ஊரில் சீலா என்று கேட்டால் வேறு மீனை எடுத்துப் போடுவார்கள். இங்கே கவலை, அங்கே சாளை. இப்படிப் பெயர்களையும் பக்குவத்தையும் எழுதி வைக்கத்தான் 2008இல் தளம் தொடங்கினேன். 2012இலிருந்து ஆயாவைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். மாமாவுக்கு விசைப்படகு வேலை. ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் அவர் வீட்டில் இருப்பார். அவரும் ஆயாவும் எதிரெதிரே உட்கார்ந்து மீன் பெயருக்குச் சண்டை போடுவார்கள். நான் நடுவில் போனை வைத்துவிடுவேன். 38 பதிவுகள் அப்படிச் சேர்ந்தன. 2015 ஜனவரியில் ஆயா போய்விட்டது.

ஒருமுறை பதிவு முடிந்ததும் ஆயா கேட்டது: "இது எங்க போயி இருக்கும்?"

"வேற ஊர்ல ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கும் ஆயா. வாடகை கட்டறோம்."

"வாடகை கட்டலைன்னா?"

அந்தக் கேள்வியை அன்றைக்கு நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் வாடகை கட்டத் தெரியாமல் ஒரு வீட்டையே இழந்திருந்தேன்.

2008இல் தளத்தைச் செய்து கொடுத்தவர் தண்டையார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஓர் அண்ணன். 3,500 ரூபாய் வாங்கினார். டொமைன் என்கிற தளத்தின் இணையப் பெயர், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் அதில் அடக்கம். நல்ல மனிதர், ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார். 2011இல் கடையை மூடினார், போன் நம்பரும் மாறிவிட்டது. ஒருநாள் தளத்தைத் திறந்தால் காலிப் பக்கம். விசாரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, டொமைன் அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. காலாவதி ஆகிறது என்று வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருடைய பெட்டிக்கே போயிருக்கின்றன. அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். கடைக்கு வருகிற எல்லாருக்கும் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தார், அதில் என்ன ஆபத்து என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டாட்காம் பெயர் காலாவதியானால் அன்றைக்கே பறிபோய்விடாது. முதலில் சில வாரம் பழைய விலையிலேயே புதுப்பிக்க இடம் உண்டு. அதையும் விட்டால் மீட்புக் காலம் என்று 30 நாள். அப்போது தண்டத் தொகை சேர்த்துக் கட்டினால் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு 5 நாளில் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இத்தனை வாய்ப்பும் பதிவுதாரர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். நான் வெளியே நின்று வேடிக்கை பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடியது. மீன் பெயர் தேடி வந்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடி, அறுபது பக்கத்தில் நாற்பத்தொன்றை மீட்டேன். எழுத்து வந்தது. படங்களில் பாதிக்கு மேல் வரவில்லை. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஆயா கூடையோடு நின்ற படம் ஒன்று இருந்தது. அதற்கு வேறு பிரதி இல்லை.

அதனால் யார் கேட்டாலும் ஹோஸ்டிங் பற்றிப் பேசுவதற்கு முன்னால் டொமைனைப் பற்றித்தான் பேசுவேன். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையில் கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சலும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் செத்தால் அஞ்சலும் சேர்ந்து சாகும், காலாவதி எச்சரிக்கை வந்து சேராது. ஹோஸ்டிங் ஓரிடம், டொமைன் வேறோரிடம் என்று வைப்பது என் பழக்கம். இரண்டும் ஒரே கடையில் இருந்தால் முதல் வருஷம் டொமைன் இலவசம் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஹோஸ்டிங்காரரோடு ஒரு பில் தகராறு வந்தால், வீட்டுச் சாவியும் கதவு எண்ணும் சேர்ந்து ஒருவர் கையில் மாட்டிக்கொள்ளும். தனித்தனியாக இருந்தால், டொமைன் எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றிவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பலாம். டாட்காம் போன்ற பெயர்களை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக இடமாற்றக் குறியீட்டைக் கேட்டால் 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. புதிதாகப் பதிந்த 60 நாளுக்குள் பொதுவாக நகர்த்த முடியாது. இதைத் தெரிந்துகொண்டு பேசினாலே எதிர்முனையில் குரல் மாறும்.

இரண்டாவது வீடு 2011 கடைசியில். வெளிநாட்டுக் கம்பெனி, மாதம் நூறு ரூபாய்க்குக் கீழே, மூன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினேன். எல்லாம் அன்லிமிடெட் என்று போட்டிருந்தார்கள்.

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது என்ன என்று அப்போது யாராவது எங்கள் தெரு மொழியில் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். அது ஒண்டுக்குடித்தனம்: சர்வர் என்கிற ஒரே கணினியில் பல தளங்கள். ஒரே வீட்டில் ஏழெட்டுக் குடும்பம், ஒரே குழாய், ஒரே கக்கூஸ், ஒரே கரண்ட் மீட்டர். நம் அறைக்குப் பூட்டு உண்டு, ஆனால் பக்கத்துப் போர்ஷனில் கல்யாணம் என்றால் தொட்டியில் நமக்குத் தண்ணீர் இருக்காது. நான் சின்ன வயதில் அப்படியொரு வீட்டில்தான் வளர்ந்தேன், அதில் எனக்குக் குறையொன்றும் கிடையாது. வாடகை குறைவு, ஆள் துணை உண்டு. சின்னத் தனித் தளத்துக்கு ஷேர்டு ஹோஸ்டிங் தாராளமாகப் போதும். ஆனால் அந்த வீட்டில் எத்தனை குடித்தனத்தை அடைத்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் நியாயஸ்தரா என்பதைப் பொறுத்தது எல்லாம். என்னோடு அதே சர்வரில் இருந்த யாரோ குப்பை அஞ்சல் அனுப்பியதில் அந்த சர்வரின் இணைய எண்ணான ஐபி முகவரியே கறுப்புப் பட்டியலுக்குப் போய், நான் அனுப்பிய அஞ்சல்கள் எல்லாம் ஸ்பாமில் விழுந்தன. அன்லிமிடெட் என்ற சொல்லுக்கு அடியில், கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, கணினி நமக்காக உழைக்கும் சிபியு நேரத்துக்கு வரம்பு, ஒலி ஒளிக் கோப்புகளைச் சேமிக்கும் கிடங்காகப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி. அதை நான் படித்தது ஆயாவின் பதிவுகளை ஏற்றிய பிறகு. மூன்று வருஷம் முடிந்து ரின்யூவல் பில் வந்தபோது விலை மூன்று மடங்கு.

அதுகூடப் பரவாயில்லை, கட்டினேன். கம்பெனி கைமாறியதுதான் தாங்க முடியாமல் போனது. இந்தத் தொழிலில் அது சகஜம். ஒரு பெரிய குழுமம் பத்திருபது பிராண்டுகளை வாங்கிப்போட்டு, வெளியே பழைய பெயர்ப் பலகையை அப்படியே விட்டுவிடும். ஹோஸ்ட்கேட்டர் 2012இல் என்டூரன்ஸ் குழுமத்திடம் போனது, அந்தக் குழுமமே 2021இல் வெப்.காமோடு சேர்ந்து நியூஃபோல்டு டிஜிட்டல் ஆனது. இதெல்லாம் வெளிப்படையாகத் தெரிந்த கணக்கு. பெயரை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே ஆள் மாறியது தெரியாது. என் விஷயத்தில் 2017 மார்ச்சில் தெரிந்தது. தளத்தைப் புது சர்வருக்கு மாற்றுகிறோம், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்று ஓர் அஞ்சல். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் போனில் திறந்து பார்த்தேன். ஒரு தமிழ் எழுத்து இல்லை.

திரை முழுக்கக் கிறுக்கல். தலைக்கு மேல் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர், அடுத்து என்னவோ ஒரு குறி. மறுபடி கோடு போட்ட ஏ, வட்ட ஆர். பக்கம் பக்கமாக இதே. ஆயா சொன்னது எல்லாம் இப்படி ஆகிவிட்டதே என்று நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. சப்போர்ட்டில் கேட்டேன். உங்கள் பிரவுசரில் எழுத்துரு சரியில்லை என்றார்கள். இரண்டாவது புகார் டிக்கெட்டுக்கும் அதே வாசகம், கீழே பெயர் மட்டும் வேறு. மூன்றாவதுக்குப் பதில் இல்லை.

நானே உட்கார்ந்து இரண்டு இரவு படித்தேன். புரிந்ததை எழுதுகிறேன், தமிழில் தளம் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒருநாள் தேவைப்படும். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் (கணினிச் சேமிப்பின் சின்ன அலகு) பிடிக்கும். "கானாங்கெளுத்தி" என்று எழுதினால் கண்ணுக்கு ஒரு சின்ன மீன் பெயர். கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினால் யூனிகோடில் 14 குறிகள், ஆக 42 பைட். இந்த 42 பைட்டையும், ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று நினைக்கும் லத்தீன்-1 முறையில் ஒரு சர்வர் படித்தால், மீன் பெயர் 42 கிறுக்கலாகிவிடும். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. அதனால்தான் அந்தக் கோடு போட்ட ஏ மூன்றுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. தளத்தின் எழுத்துகளைச் சேமித்து வைக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2018இல் 8.0 பதிப்பு வரும் வரைக்கும் லத்தீன்-1ஐத்தான் இயல்பாக வைத்திருந்தது. யாரோ சர்வர் மாற்றும்போது அமைப்பைக் கவனிக்காமல் இறக்கி ஏற்றியிருக்கிறார்கள்.

இதில் ஒரு நல்ல சேதி உண்டு. கிறுக்கல் வந்தால் பைட்டுகள் அழியவில்லை, தப்பாகப் படிக்கப்படுகின்றன என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தரவுத்தளத்தை லத்தீன்-1 என்று சொல்லியே கோப்பாக இறக்கி, அந்தக் கோப்பின் தலையில் யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யுடிஎஃப்-8இன் பெயர்) என்று திருத்தி, புது தரவுத்தளத்தில் ஏற்றினால் தமிழ் திரும்பிவிடும். வரிசையாகக் கேள்விக்குறி வந்தால்தான் பயப்பட வேண்டும். அப்போது எழுத்து நிஜமாகவே போய்விட்டது, முன்பே எடுத்து வைத்த பேக்கப்தான் கதி. எனக்கு வந்தது கிறுக்கல். இரண்டாம் இரவு ஒன்றரை மணிக்கு, என் மடிக்கணினியில் முதல் வரி தமிழில் வந்தது. "சுதும்பு: பிள்ளை பெத்தவளுக்கு மொத மீனு." தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பிக் காட்டினேன். அவர் எழுந்து உட்கார்ந்து முழுப் பக்கத்தையும் படித்தார்.

அந்த வாரமே வேறு வீடு பார்க்கத் தொடங்கினேன்.

அப்போது என் தம்பி சொன்னான், "எதுக்குக்கா இன்னொருத்தன்கிட்ட நிக்கணும், வீட்டுலயே ஒரு பழைய கம்ப்யூட்டர சர்வரா வெச்சுக்கலாம்." ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்னால், 2016 டிசம்பர் 12ஆம் தேதிதான் வர்தா புயல் அடித்து ஓய்ந்திருந்தது. எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. கேபிள் இணைப்பு வர இன்னும் ஒரு வாரம். கடல் காற்று வேறு. எங்கள் பக்கம் மின்விசிறிக் கூடும் சன்னல் கம்பியும் துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தவர்கள், ராப்பகலாக ஓட வேண்டிய ஒரு பெட்டியை அங்கே வைக்க மாட்டார்கள். வீட்டு இணைப்புக்கு நிலையான ஐபி கிடைப்பதும் தனிப் பாடு. பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர், போன் டவரும் படுத்துவிட்டது. தளம் மட்டும் எங்கோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. துபாயிலிருந்து ஒருவர் அந்த நாளிலும் திருக்கைப் புட்டுக்கு அளவு கேட்டு எழுதியிருந்தார். நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

சரி, எப்படித் தேர்ந்தெடுத்தேன்? இணையத்தில் "சிறந்த பத்து" என்று வரும் பட்டியல்களை நம்பவில்லை. அவற்றில் பெரும்பாலானவை கமிஷனுக்கு எழுதப்படுகின்றன. நம் சொடுக்கில் ஒருவர் வாங்கினால் எழுதியவருக்குக் காசு. அதற்குப் பதில், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு மூன்று கம்பெனிகளுக்கு ஒரே கேள்விகளை அனுப்பினேன். இரண்டாவது வருஷம் நான் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, வரியோடு? நான் வெளியேற நினைத்தால் கோப்பும் தரவுத்தளமும் சேர்த்து முழு பேக்கப்பை நானே எடுக்க முடியுமா, அதற்குக் காசு உண்டா? லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் போடவிடுவீர்களா? 400 எம்பி அளவுக்கு ஒலிக் கோப்புகள் வைக்கலாமா? தரவுத்தளம் யுடிஎஃப்8எம்பி4தானா?

ஒருவர் ஐந்து நிமிஷத்தில் பதில் போட்டார். கேள்விக்குப் பதில் இல்லை, தள்ளுபடிக் கூப்பன் இருந்தது. இன்னொருவர் உதவிப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினார். மூன்றாமவர் மறுநாள் மதியம்தான் எழுதினார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு வரி. "எங்களிடம் போன் சப்போர்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பதில் தாமதமாகும். இரண்டாம் வருஷ விலை இது, முதல் வருஷமும் இதே விலைதான், தள்ளுபடி இல்லை. பேக்கப் எப்போது வேண்டுமானாலும் நீங்களே எடுக்கலாம். ஒலிக் கோப்பு வைக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் ஐம்பது பேர் கேட்டால் மெதுவாகும்." இல்லை, முடியாது, தாமதமாகும் என்று முன்பணம் வாங்கும் முன்பே சொல்லும் வீட்டுக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. அங்கேதான் போனேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

அந்தக் கம்பெனியின் பெயரை எழுதாமல் விடுவது வேண்டுமென்றுதான். நாளைக்கு அவர்களையும் யாராவது வாங்கலாம். நான் இன்று எழுதும் பெயரை நம்பி நாலு வருஷம் கழித்து ஒருவர் பணம் கட்டிவிட்டு, உள்ளே வேறு ஆள் இருப்பதைப் பார்க்கக் கூடாது. அந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் உங்களுக்குத் தானாகக் கிடைக்கும்.

குடிபோன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் முன்னதாகவே பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை (அதை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது) 300 நொடிக்குக் குறைத்தேன்; இல்லாவிட்டால் பழைய முகவரியையே பல மணி நேரம் உலகம் நினைவில் வைத்திருக்கும். புது இடத்தில் எல்லாவற்றையும் ஏற்றி, என் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புது ஐபியைக் கொடுத்து, ஊருக்குத் தெரியாமல் நான் மட்டும் உள்ளே போய் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். பால் காய்ச்சும் முன் குழாயைத் திறந்து பார்க்கிற மாதிரி. பிறகுதான் முகவரியை மாற்றினேன். பழைய வீட்டை உடனே காலி செய்யாமல் ஒரு மாத வாடகை கூடக் கட்டி வைத்திருந்தேன்.

வேகத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழையது அமெரிக்காவில் இருந்தது, இது சிங்கப்பூரில். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 2002இலிருந்தே கடலடிக் கேபிள் இருக்கிறது. தூரம் குறைந்ததால் வித்தியாசம் தெரிந்தது, அவ்வளவுதான். 99.9 சதவீதம் ஓடும் என்ற உத்தரவாதத்தையும் பெரிதாக நினைக்க வேண்டாம்; அந்தக் கணக்கில் மாதம் 43 நிமிஷம், வருஷத்துக்கு 8 மணி 45 நிமிஷம் படுத்திருக்கலாம் என்றே அர்த்தம். மீன் குழம்புப் பக்கம் முக்கால் மணி நேரம் வராவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

இத்தனை வருஷத்தில் கிளம்பிவிடலாமா என்று தோன்றிய சமயங்கள் உண்டு. 2019இல், ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல் தன் கட்டண முறையைக் கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றியது. அதில் சின்ன ஹோஸ்டிங் கம்பெனிகள் பலவற்றுக்கு இடி. என் வாடகையும் ஏறியது. ஆனால் ஏற்றுவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏன் ஏற்றுகிறோம், எவ்வளவு ஏற்றுகிறோம் என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. இருந்துவிட்டேன். விலை ஏறினால் வீடு மாறும் ஆள் இல்லை நான். சொல்லாமல் ஏற்றினால் மாறுவேன்.

2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் கூடுதல் ஒப்புதல் கட்டாயமானது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்த தானியங்கிக் கட்டணங்கள் பல அப்படியே நின்றன. நவம்பரில் என் ஹோஸ்டிங் கட்டணமும் நின்றது. எனக்குத் தெரியவில்லை, தானாகப் போயிருக்கும் என்று இருந்தேன். கணக்கை மூட அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஏழாம் நாள் ஓர் அஞ்சல் வந்தது, எந்திரம் எழுதியதாகத் தெரியவில்லை: "இந்திய கார்டுகள் பலருக்கு இந்த மாதம் வேலை செய்யவில்லை. உங்கள் தளத்தை நிறுத்தவில்லை. வேறு வழியில் கட்ட முடிகிறபோது கட்டுங்கள்." ஆயா கேட்டதே, வாடகை கட்டலைன்னா என்று. ஒரு நல்ல வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று அன்றைக்குத் தெரிந்தது. டொமைனை மட்டும் அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகச் சேர்த்துக் கட்டிவிடுகிறேன், டொமைன் பதிந்து தரும் ஓர் இந்தியக் கம்பெனியிடம், யுபிஐயில்.

நல்ல வீட்டுக்காரர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதும் தப்பு. அதே 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் தீப்பிடித்து, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்துபோனது. லட்சக்கணக்கான தளங்கள் ஒரே ராத்திரியில் நின்றன. பேக்கப்பையும் அதே கட்டடத்தில் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அதைப் படித்த அன்று நான் என் பேக்கப் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். ஹோஸ்டிங்காரரின் அதே சர்வரில், வேறொரு ஃபோல்டரில். அந்த ஞாயிற்றுக்கிழமையே கணினிக் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போய் பில்லோடு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். இப்போது ஒரு பிரதி அதில், ஒன்று அம்பத்தூரில் என் தம்பி வீட்டில், ஒன்று வேறொரு கம்பெனியின் மேகச் சேமிப்பில். ஊரடங்கில் வீட்டில் இருந்தபோதே தரவுத்தளத்தை வைத்து ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருளை விட்டுவிட்டுப் பக்கங்களை எல்லாம் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாக மாற்றியிருந்தேன். தரவுத்தளம் இல்லை, கிறுக்கல் பயம் இல்லை. எந்தச் சர்வரில் கொண்டுபோய் வைத்தாலும் அரை மணியில் திறக்கும்.

அலுவலகத்தில் கேட்ட அந்தத் தம்பி இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "அப்போ எங்க வேணா வெக்கலாம்னா, இலவசமா கொடுக்கறவங்ககிட்டயே வெக்கலாமே அக்கா?" வைக்கலாம், தப்பில்லை. தொடங்குகிறவர்கள் அங்கே தொடங்கட்டும். ஆனால் ஜியோசிட்டீஸ் 1994இல் தொடங்கி லட்சக்கணக்கான பேருக்கு இலவச வீடு கொடுத்தது, 2009 அக்டோபரில் மூடியும் விட்டது. இலவசமாக இருப்பவர் மூடாதே என்று யாரிடம் போய்க் கேட்பார்? நான் வருஷத்துக்கு டொமைனும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் கட்டுகிறேன். கட்டுவதால்தான் ராத்திரியில் கேள்வி கேட்டு எழுதும் உரிமை எனக்கு இருக்கிறது, அந்தப் பக்கம் பதில் எழுத ஓர் ஆளும் இருக்கிறார்.

இருப்பதற்கும் கிளம்புவதற்கும் என் கணக்கு இதுதான்: எந்த நாளிலும் கிளம்ப முடிகிற இடத்தில்தான் நிம்மதியாக இருக்க முடிகிறது. பேக்கப் எடுக்கும் பொத்தானை மறைத்தாலோ, கேட்டதற்கு எழுதி வைத்த வாசகமே பதிலாக வரத் தொடங்கினாலோ, கம்பெனி கைமாறிய சேதியை நான் வேறு யாரிடமிருந்தோ கேள்விப்பட்டாலோ அந்த வாரமே மூட்டை கட்டிவிடுவேன்.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15ஆம் தேதி, படகுகள் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் முதல் நாள், நான் பேக்கப்பைச் சோதிக்கிறேன். எடுத்து வைத்தால் போதாது, திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வேறொரு கணினியில் முழுத் தளத்தையும் ஏற்றி, கண்ணை மூடி ஒரு பதிவை எடுப்பேன். இந்த வருஷம் கைக்கு வந்தது இருபத்து மூன்றாவது. பின்னால் பேருந்து ஹாரன் கேட்கிறது, மாமா எதற்கோ சிரிக்கிறார், ஆயா அவரை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் குரலை இறக்கிச் சொல்கிறது:

"செவுளத் தூக்கிப் பாரு. ரத்தச் செவப்பா இருந்தா இன்னிக்கு மீனு. வெளுத்துப் போயிருந்தா ஐஸ்ல கெடந்தது. அவன் இன்னா வேணா சொல்லட்டும், நீ தூக்கிப் பாத்துட்டு துட்டக் குடு."